வியாபாரக் காவலும் வலைவழிக் கள்வரும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், கள்ளக்குறிச்சியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்தில் பேசுமாறு எம்மைப் பணித்தபோது, கல்வி நிதியைப் பற்றியோ மாணவர் விடுதியைப் பற்றியோ யாம் பேசுவோம் என்றே தங்களிற் பலர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவ்விரண்டும் நமக்கு இன்றியமையாதனவே. ஆயினும் அவற்றுக்குப் பொருள் உதவுவது நம்மவர் வியாபாரம். அவ்வியாபாரத்தின் கல்லாப்பெட்டியை இன்று முகமறியாத கள்வர் இருந்த இடத்திலிருந்தே திறந்துகொண்டிருக்கின்றனர். ஆதலின் அப்பெட்டியைக் காக்கும் வகையை முதலிற் பேசுதல் தகும் எனத் துணிந்தோம். யாம் கணினி சாஸ்திரத்தைக் கற்றுத் துறைபோயவரல்லோம். பேரேடு எழுதிக் கொடுக்கல் வாங்கலில் தலை நரைத்தவர், அவ்வளவே. குற்றங்குறை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

நமது கள்ளக்குறிச்சி, 2019-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. அரிசி மண்டி, மளிகை, ஜவுளி, மருந்துக்கடை, மரவள்ளிக் கமிஷன் வியாபாரம் ஆகியவற்றில் நம்மவர் இங்கே ஈடுபட்டிருக்கின்றனர். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர் முதலிய ஊர்களிற் கடை வைத்தோரும், கடுக்காய், புளி, தேன், சாமை இவற்றைக் கொள்முதல் செய்வோரும் உளர். 2021-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களைக் கைப்பேசியிற் படங்காட்டி வெளியூரார்க்கு விற்போரும் உண்டு. 2016-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தொடங்கிய யு.பி.ஐ. முறை இவர்கள் அனைவரின் கடைக்குள்ளும் புகுந்துவிட்டது. சில்லறைக்கு அலைந்த காலம் போயிற்று. நன்மை பெரிதே, அதனை மறுப்பாரில்லை. ஆனால் வாசலைப் பெரிதாக்கிய நாம், தாழ்ப்பாள் போட மறந்துவிட்டோம்.

நிற்க. நம் அங்கத்தினர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலிற் சொல்லுகிறோம். அவர் பெயரையும், இழந்த தொகையையும் வெளியிடுவதை அவர் விரும்பவில்லை. செய்தியை மட்டும் சொல்ல இசைந்தார். அவர் மலையிலிருந்து இறங்கும் மரவள்ளிக் கிழங்கை வாங்கி ஆலைகளுக்கு அனுப்புபவர். ஒரு நாள் இரவு அவருடைய உறவினர் ஒருவரின் எண்ணிலிருந்து வாட்ஸாப் வழியாகத் திருமண அழைப்பிதழ் ஒன்று வந்தது. நம் குலத்து வீட்டுக் கலியாணம். திறந்து பாராதிருத்தல் மரியாதையாகுமா? திறந்தார். கைப்பேசி ஏதோ அனுமதி கேட்டது, கொடுத்தார். வந்தது அழைப்பிதழன்று, அழைப்பிதழ் என்னும் பெயரைத் தரித்த செயலி. அனுப்பியவர் உறவினருமல்லர், உறவினரின் கைப்பேசியை அதே வழியில் முன்னமே கவர்ந்துவிட்ட கள்வன். அச்செயலி, பாங்கிலிருந்து வரும் குறுஞ்செய்திகளையெல்லாம், ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண் உட்பட, கள்வனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. பொழுது விடியுமுன் கணக்கு வெறுமையாயிற்று.

அக்கணக்கில் இருந்தது அவர் பணமன்று. மலைக் குடியானவர்களுக்கு மறுநாள் பட்டுவாடா செய்யவேண்டிய கிரயம். அவரோ வீட்டாரிடமும் சொல்லவில்லை, பாங்கிலும் சொல்லவில்லை. நான்கு நாள் மௌனமாயிருந்தார். 'ஊரார் நகைப்பரே, பேர் கெட்டால் நாளைக்கு யார் நம்பிச் சரக்குப் போடுவர்' என்ற நாணமே காரணம். ஐந்தாம் நாள் வாய் திறந்தபோது, பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிப் போயிருந்தது. வீட்டுப் பெண்டிரின் நகையை அடகு வைத்துக் குடியானவர் கிரயத்தைத் தீர்த்தார். நாணயம் நின்றது, நகை போயிற்று.

இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து பார்ப்போமாயின் ஓர் உண்மை விளங்கும். கள்வன் உடைத்தது பூட்டையன்று. 'நம்மவர்' என்ற நம்பிக்கையையே அவன் சாவியாக்கிக்கொண்டான். 'என்ன நினைப்பரோ' என்ற நாணம் அவனுக்குக் காவலாயிற்று. நம்பிக்கையே நம் முதலாதலின் அதனை விட்டுவிடுதல் இயலாது. ஆனால் நம்பிக்கையோடு மறுவிசாரணையும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதே யாம் இன்று சொல்ல வந்த ஒரே விஷயம். மற்றவையெல்லாம் அதன் விரிவே.

இது புதிய போதனையன்று. நம் முன்னோர் உண்டியல் எழுதி ஊர்விட்டு ஊர் பணம் செலுத்திய காலத்தில், உண்டியலைக் கொண்டுவந்தவன் கையிற் கண்ணை மூடிக்கொண்டு பணங்கொடுத்தாரில்லை. 'இன்ன தொகைக்கு இன்னாருக்கு உண்டியல் எழுதியிருக்கிறோம்' என்று எழுதியவர் தனியே விடுக்கும் அறிவிப்புக் கடிதத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். செய்தி ஒரு வழியில் வந்தால் உறுதி மற்றொரு வழியில் வரவேண்டும். இதனை அவமதிப்பாக ஒருவரும் கொள்ளவில்லை. வியாபார ஒழுங்காகவே கொண்டனர்.

பெரிய ஸ்தாபனங்களையும் காத்தது இவ்வொழுங்கே. 1904-ம் ஆண்டு கும்பகோணத்தில் தோன்றிய சிட்டி யூனியன் பாங்கை அறியாதார் நம்மில் இல்லை. அயல்நாடுகளுக்குப் பணம் அனுப்பும் ஸ்விப்ட் என்னும் செய்தி முறையில் 2018-ம் ஆண்டு பிப்ரவரியிற் கள்வர் நுழைந்தனர். அனுப்பிய கட்டளைகளுக்கு வரும் ஒப்புதலை அச்சிட்டுக் காட்டும் இயந்திரத்தை முதலிற் செயலிழக்கச் செய்தனர். பழுது என்றே அது எண்ணப்பட்டது. மறுநாள் பிப்ரவரி 7-ந் தேதி கணக்கை ஒப்பிட்டபோதுதான், பாங்கு கட்டளையிடாத மூன்று அனுப்பீடுகள், ஏறக்குறைய 20 லட்சம் டாலர் அளவில், துபாய், துருக்கி, சீனம் ஆகிய இடங்களை நோக்கிச் சென்றிருப்பது வெளிப்பட்டது. அவற்றுள் துபாய்க்குச் சென்றது தடுத்துத் திருப்பப்பட்டது. ஒப்பிடுதல் ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள்.

அதற்கு இரண்டாண்டு முன்னர், 2016-ம் ஆண்டு பிப்ரவரியில், வங்காள தேசத்தின் மத்திய பாங்கிலும் இதே வகைக் களவு நடந்தது. அங்கும் அச்சு இயந்திரம் ஊமையாக்கப்பட்டது. கள்வர் கவர முயன்றது ஏறக்குறைய 95 கோடி டாலர்; 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் தேசத்திற்குப் போய்விட்டது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் மீண்டது. பெறுவோர் பெயரில் ஓர் ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையோடிருந்தது; இடையிலிருந்த பாங்கார் அதனைக் கண்டு ஐயுற்று விசாரித்தனர். ஒருவர் நின்று கேட்ட ஒரு கேள்வி 2 கோடி டாலரைக் காத்தது! இயந்திரம் எத்துணை நுட்பமாயினும், கேட்கும் மனிதன் ஒருவன் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, நம் கடைகளிற் செய்யத்தக்கவற்றைச் சொல்லுவோம்.

முதலாவது, மறுவிசாரணை விதி. 'எங்கள் பாங்குக் கணக்கு மாறிவிட்டது. இனி இப்புதிய கணக்கிற்கு அனுப்புக' என்று சரக்குக் கொடுப்பவர் பெயரிற் செய்தி வரும். 'அவசரம், மருத்துவமனையில் இருக்கிறேன்' என்று மைத்துனர் பெயரிலும் வரும். அச்செய்தியிற் கண்ட எண்ணுக்குப் பேசுதல் கூடாது. நம் குறிப்பேட்டில் முன்னமே உள்ள எண்ணுக்கு நாமே அழைத்து, அவர் குரலைக் கேட்டு, நாம் மட்டும் அறிந்த ஏதேனும் ஒன்றை வினவிய பின்னரே பணம் அனுப்புதல் வேண்டும். குரலையும் போலியாக்கும் வித்தை இன்று வந்துவிட்டமையின் இவ்வினா அவசியம். கணக்கப்பிள்ளை இவ்வாறு கேட்டு ஒரு நாழிகை தாமதித்தால் முதலாளி சினத்தலாகாது. அவரைப் பாராட்டுக.

இரண்டாவது, கல்லாவின் காவல். பணம் பெறுதற்குப் பின் எண் வேண்டுவதில்லை, கொடுப்பதற்கே வேண்டும். 'உமக்குப் பணம் வர, பின் எண்ணை அழுத்தும்' என்பவன் எவனாயினும் அவன் கள்வனே. இவ்வொரு வாக்கியத்தைக் கடைச் சிறுவனுக்கும் மனப்பாடம் செய்விக்க வேண்டும். கடை முகப்பில் ஒட்டிய கியூ.ஆர். அட்டைமேல் இரவோடிரவாக வேறோர் அட்டையை ஒட்டிப் போவாருமுண்டு. காலையிற் கடை திறந்தவுடன் ஒரு ரூபாய் செலுத்திப் பார்த்தால், வருவது நம் பெயரா பிறர் பெயரா என்பது தெரிந்துவிடும். வாங்குவோர் தம் கைப்பேசியிற் காட்டும் 'பணம் சென்றது' என்னும் படத்தை நம்புதலாகாது. அத்தகைய படத்தைப் பொய்யாய்த் தயாரிக்கும் செயலிகள் உள. நம் கணக்கில் வந்ததா என்பதே கேள்வி. மலைமேற் பல ஊர்களில் அலைவரிசை சீராகக் கிடைப்பதில்லை. பாங்கின் செய்தி தாமதித்தே வரும். அவ்விடத்துக் கடைக்காரர், அறிமுகமில்லாதாரிடம் பெருந்தொகைக்கு ரொக்கமே கேட்பது குற்றமாகாது.

மலைக் கடைக்காரருக்குத் தனியே ஒரு வார்த்தை. வயது முதிர்ந்த மலைவாசிகள் கைப்பேசியை நம் கையிலேயே கொடுத்து, பின் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி, 'நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்கின்றனர். அவர்கள் நம்மீது வைத்த நம்பிக்கை பெரிது. அதனாலேயே அவ்வெண்ணை நாம் கேளாதிருத்தல் வேண்டும். எண்ணை அவர்களே அழுத்தக் கற்பித்தல் நம் கடமை. நாளைக்கு அவர் பணம் வேறு எவ்வழியிற் போனாலும் பழி நம்மேல் வரும் என்பது ஒருபுறம். நம் கடையிற் பழகிய வழக்கத்தால் அடுத்த கடையிற் கள்வனிடமும் சொல்லிவிடுவார் என்பது மற்றொரு புறம். ஆதாரின் கைரேகை வைத்துப் பணம் எடுத்துக்கொடுக்கும் நம்மவர், ஒவ்வொரு முறையும் தொகையை உரக்கச் சொல்லி, ரசீது கொடுத்தே அனுப்புக. கைரேகையைத் தாமே பூட்டி வைக்கும் வசதி ஆதார் செயலியில் உண்டென்பதையும் அவர்களுக்குச் சொல்லுக.

மூன்றாவது, பூட்டும் சாவியும். பாஸ்வேர்டு என்னும் கடவுச்சொல்லாகக் கடையின் பெயரையும் மகனின் பிறந்த ஆண்டையும் சேர்த்து வைத்திருப்போர் நம்மிற் பலர். ஊரறிந்த சாவியாற் பயன் என்ன? ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக அமைத்தல் நன்று. மின்னஞ்சலுக்கு ஒன்று, பாங்குக்கு வேறொன்று, ஜி.எஸ்.டி. கணக்குக்கு மற்றொன்று என வெவ்வேறாக வைக்க வேண்டும். பெட்டகத்துக்கு இரு சாவி வைத்து இருவரிடம் கொடுப்பதுபோல, மின்னஞ்சலுக்கும் வாட்ஸாப்புக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்னும் ஏற்பாடு உண்டு. அதனை இன்றிரவே செய்துகொள்க. வேலையை விட்டுச் சென்ற சிப்பந்தி அறிந்திருந்த கடவுச்சொற்களை அன்றே மாற்றிவிடுக. இது அவர்மீது ஐயமன்று, ஒழுங்கு.

நான்காவது, பழுது பார்த்தலும் பிரதி எடுத்தலும். 2017-ம் ஆண்டு மே 12-ந் தேதி வான்னாகிரை என்னும் நச்சு நிரல் உலகெங்கும் பரவி, ஏறக்குறைய 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் ஏடுகளைப் பூட்டிப் பணயங் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளும் தத்தளித்தன. வியப்பு யாதெனில், அதனைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனி மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ஏற்றுக்கொள்ளாதவர் பலர் அகப்பட்டனர். 'புதுப்பிக்கவா' என்று கணினி கேட்கும்போதெல்லாம் 'பிறகு' என்று தள்ளுவோர் இதனைச் சிந்திக்க. விண்டோஸ் 10 என்னும் பதிப்புக்கு வழக்கமான திருத்தங்கள் 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றுவிட்டன; அதனைக் கடையில் வைத்திருப்போர் தெரிந்தவரைக் கொண்டு மாற்றுவழி செய்க. கணக்கு ஏடுகளின் பிரதியொன்றை வாரந்தோறும் தனி வட்டில் எடுத்து, கணினியோடு இணைக்காமல், வீட்டுப் பெட்டியில் வைத்தால், பணயங் கேட்கும் கள்வனைப் பார்த்து நாம் நகைக்கலாம்.

ஐந்தாவது, அச்சமும் அவசரமும். 'இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்', 'உம் பெயரிற் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டது. காணொளிக்கு முன்னே அமர்ந்திரும், நீர் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்' என்றெல்லாம் மிரட்டுவர். அவ்வகைக் கைது நம் தேசத்துச் சட்டத்தில் இல்லை. எந்தப் போலீஸ் அதிகாரியும் காணொளியிற் கைது செய்து, பணம் அனுப்பச் சொல்லார். நம்மை யோசிக்கவொட்டாது விரட்டுபவன் எவனோ, அவனே ஐயத்துக்குரியவன். இணைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டாரோடு பேசுக.

இவ்வளவும் செய்தும் களவு நேர்ந்துவிட்டால்? அப்போது வேண்டுவது நாணமன்று, வேகம். கணமும் தாமதியாது 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்; சைபர் குற்றங்களுக்கென மத்திய சர்க்கார் நடத்தும் இணையதளத்திலும் பதியலாம். உடனே பாங்குக்கும் தெரிவித்து, புகாரின் எண்ணைப் பெற்றுக்கொள்க. பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவுமுன் இடையில் நிறுத்திவைக்கும் ஏற்பாடு இதனால் நடைபெறுகிறது. நேரம் செல்லச் செல்ல வாய்ப்புக் குறைகிறது. ரிசர்வ் பாங்கு 2017-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி விடுத்த சுற்றறிக்கை, பாங்கின் மீதும் வாடிக்கையாளர் மீதும் பிழையின்றி நேர்ந்த களவை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டப் பொறுப்பில்லை என்று வகுத்தது. இரகசிய எண்ணை நாமே வெளியிட்டதால் நேர்ந்ததாயின், தெரிவிக்கும்வரை உண்டாகும் நஷ்டம் நம்முடையது. தெரிவித்த பின் உண்டாவது பாங்கினுடையது. எவ்வகையிற் பார்த்தாலும் மௌனத்துக்கே விலை அதிகம் என்பது காண்க. செய்திகளையும் படங்களையும் அழித்துவிடாது வைத்திருக்க வேண்டும். பிறர்போல் நடித்துக் கணினி வழியே ஏமாற்றுதலுக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

கடைசியாக, நம் சங்கத்தின் பொறுப்பைச் சொல்லாமல் முடித்தல் நேர்மையாகாது. நாம் வெளியிடும் அங்கத்தினர் விலாசப் புத்தகத்தில் பெயர், தகப்பனார் பெயர், கடை, கைப்பேசி எண், பிறந்த தேதி, மக்கள் பெயர் யாவும் அச்சாகின்றன. அதன் படமும் வாட்ஸாப்பிற் சுற்றுகிறது. நமக்கு அது உறவின் ஏடு. கள்வனுக்கோ அதுவே சாவிக்கொத்து. 'இன்னாரின் மகன் பேசுகிறேன் மாமா' என்று சொல்ல அவனுக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த பதிப்பிற் பிறந்த தேதியை நீக்குக. பாங்கோடு இணைந்த எண்ணை விடுத்து வேறு எண்ணை மட்டும் வெளியிடுக என்று சபையாரைக் கேட்டுக்கொள்கிறோம். நம் இளைஞருக்கும் ஒரு வார்த்தை: 'உன் பாங்குக் கணக்கைச் சில நாள் கொடு, கமிஷன் தருகிறேன்' என்பவனுக்கு இணங்கற்க. அக்கணக்கின் வழியே ஓடுவது எங்கோ ஒரு குடும்பம் இழந்த பணம். போலீசார் முதலில் வந்து நிற்பது கணக்குடையவன் வாசலில்.

ஆகவே இம்மூன்றையும் தீர்மானமாக நிறைவேற்றுமாறு வேண்டுகிறோம். பணம் பற்றிய செய்தி நம்மவர் பெயரில் வந்தாலும், பழைய எண்ணுக்கு அழைத்துக் கேட்டே செய்வோம். அவ்வாறு கேட்கப்பட்டவர் அதனை அவமானமாகக் கொள்ளார். இழந்தவர் அன்றே சொல்லுவார். அவரை ஒருவரும் நகையார். இம்மூன்றாவதே முதன்மையானது. நம் அங்கத்தினர் நான்கு நாள் வாய்திறவாதிருந்தது கள்வனுக்கு அஞ்சியன்று, நமக்கு அஞ்சியே. அந்த அச்சத்தை அவருக்கு உண்டாக்கியவர் நாம் என்பதை நெஞ்சிற் கைவைத்து எண்ணுவோமாக. சங்கம் என்பது நிழல். இடருற்றவன் ஒதுங்க அஞ்சும் நிழல் எதற்கு?

இக்கூட்டத்துக்கு வந்திருக்கும் அவர், பின்வரிசையில் அமர்ந்து, தம் கதையைத் தாமே கேட்டுக்கொண்டிருக்கிறார். பிறர்க்கு உதவுமென்று அதனைச் சொல்ல இசைந்த அவர் துணிவுக்கு, சபையின் சார்பில் எம் வணக்கத்தைத் தெரிவித்து அமர்கிறோம்.

சுபம்.